வெளிநாட்டு பிசியோ சோதினை: வாசகர் கேள்வி, எங்கட பதில்

கேள்வி: நான் பேராதனையில பிசியோதெரபி பிஎஸ்சி முடிச்சிட்டு இப்ப யாழ்ப்பாணத்தில வேலை செய்யிறன். அண்ணா அமெரிக்காவில இருக்கிறார், அங்கத்த லைசன்ஸ் சோதினையை எழுதச் சொல்லி நிக்கிறார். புத்தகம் எல்லாம் வாங்கிட்டன். எங்க இருந்து தொடங்கிறது? (கோண்டாவில் வாசகி)

தங்கச்சி, புத்தகத்தை இப்போதைக்கு மூடி வையுங்கோ. எங்கட பிள்ளையள் எல்லாரும் செய்யிறது இதுதான், முதல்ல புத்தகம், பிறகு ரியூசன், கடைசியிலதான் பேப்பர் வேலை, அதுக்குள்ள படிச்சது பாதி மறந்து போயிடும்.

நீங்க எழுதப் போற சோதினைக்குப் பேர் என்.பி.ரி.ஈ. அதை நடத்திறது எப்.எஸ்.பி.பி.ரி. எண்ட அமைப்பு. ஆனா லைசன்ஸ் குடுக்கிறது அவை இல்லை, ஒவ்வொரு மாநிலத்திலயும் இருக்கிற போர்ட், அதாவது லைசன்ஸ் குடுக்கிற சபை. அதால முதல் முடிவு எந்த மாநிலம் எண்டதுதான். வெளிநாட்டில படிச்ச ஆக்களிட்ட ஒவ்வொரு போர்ட்டும் ஒவ்வொண்டு கேக்கும், சிலதில அந்த மாநிலத்துச் சட்டத்துக்கெண்டு தனியா இன்னொரு சோதினையும் இருக்கு. அண்ணா இருக்கிற இடம் எண்டதுக்காக அந்த மாநிலத்தையே பிடிச்சுக்கொண்டு நிக்காதேங்கோ, ரெண்டு மூண்டு போர்ட்டின்ர விதியை வாசிச்சுப் பாத்து உங்கட படிப்புக்கு எது சரிவரும் எண்டு பாருங்கோ.

அடுத்தது உங்கட டிகிரி அங்கத்த படிப்புக்குச் சமனோ எண்டு பாக்கிறது. கனபேர் போறது எப்.சி.சி.பி.ரி. எண்ட இடத்துக்கு. கம்பஸ்ல இருந்து டிரான்ஸ்கிரிப்ட் நேரா அவைக்குப் போக வேணும், நீங்க கையில கொண்டுபோய்க் குடுக்கேலாது. அதோட ஒவ்வொரு பாடத்தின்ர சிலபஸ், கிளினிக்கல் மணித்தியாலம் எல்லாம் கேப்பினம். அமெரிக்காவில இப்ப பிசியோ எண்டா டொக்டரேட் லெவல் படிப்பு, அதால எங்கட பிஎஸ்சியில சில பாடம் குறையுது எண்டு சொல்லக்கூடும். அப்பிடிச் சொன்னா மனம் விட வேண்டாம், குறையிற பாடத்தை ஒன்லைனில எடுத்து நிரப்பலாம், ஆனா காசும் நேரமும் போகும். இலங்கை மருத்துவ சபையில பதிஞ்சதுக்கான கடிதத்தையும் கையோட எடுத்து வையுங்கோ.

இங்கிலிஷ் சோதினையும் இருக்கு, அனேகமா ரோபல். கம்பஸ்ல எல்லாம் இங்கிலிஷ்லதான் படிச்சனான் எண்டு நினைச்சுக்கொண்டு அசட்டையா இருக்காதேங்கோ, எழுத்தில எங்கட பிள்ளையள் கெட்டி, கதைக்கிற பகுதியிலதான் தடுமாறுறது.

கேள்வி: என்ர டிகிரியில இனிஷியலோட பேர் இருக்கு, பாஸ்போட்டில அப்பான்ர பேர் முன்னுக்கு முழுசா இருக்கு. இது பிரச்சினையா? (மானிப்பாய்)

ஓம், பெரிய பிரச்சினை. வெள்ளைக்காரருக்கு பெர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் எண்டு ரெண்டு பெட்டி, எங்களுக்கு அப்பான்ர பேர் ஒரு இடத்தில முன்னுக்கு, இன்னொரு இடத்தில பின்னுக்கு, கலியாணம் கட்டின பிள்ளையளுக்கு மனுசன்ர பேரும் வந்து நிக்கும். நீங்க பதியேக்க குடுக்கிற பேரும், சோதினை அண்டைக்குக் காட்டுற பாஸ்போட்டில இருக்கிற பேரும் ஒண்டா இருக்க வேணும், இல்லாட்டி வாசல்லயே திருப்பி அனுப்பிப் போடுவினம். அதால முதல் விண்ணப்பத்தில இருந்தே பாஸ்போட்டில இருக்கிற மாதிரியே எழுதுங்கோ. டிகிரியில வேற மாதிரி இருந்தா ரெண்டும் ஒரே ஆள் எண்டு சத்தியக் கடதாசி முடிச்சு வையுங்கோ. பிறப்புச் சான்றிதழை சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்டக் குடுக்கேக்க பாஸ்போட்டையும் காட்டுங்கோ, எழுத்துக்கூட்டல் மாறிப் போனா இன்னொரு தலையிடி.

கேள்வி: கொழும்பில வச்சு எழுதலாமோ? எத்தினை தரம் எழுதலாம்? (சாவகச்சேரியில இருந்து ஒரு அம்மா)

இல்லை அம்மா, அமெரிக்காவிலயும் அவையின்ர ஆட்சிக்குள்ள இருக்கிற இடங்களிலயும் உள்ள புரொமெட்ரிக் எண்ட கம்பனியின்ர சோதினை சென்டரிலதான் எழுதலாம். வருசத்துக்கு நாலு தரம், ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர். அப்ப பயணச் செலவு, விசா எல்லாத்தையும் சேத்துத்தான் கணக்குப் பாக்க வேணும்.

12 மாசத்துக்குள்ள 3 தரம், வாழ்நாளில மொத்தம் 6 தரம், அவ்வளவுதான். புள்ளி 200 இல இருந்து 800 வரைக்கும், 600 எடுத்தா பாஸ். 400 உம் அதுக்குக் கீழயும் ரெண்டு தரம் எடுத்தா பிறகு எழுதவே விடமாட்டினம். அதால "சும்மா ஒருக்கா எழுதிப் பாப்பம், அனுபவம் வரும்" எண்ட எங்கட ஏ.எல். யோசினை இங்க சரிவராது. பிள்ளையை நெருக்காதேங்கோ, ஆயத்தம் இல்லாட்டி அடுத்த தவணைக்கு விடச் சொல்லுங்கோ.

கேள்வி: வேலையும் செய்துகொண்டு எப்பிடிப் படிக்கிறது? எதைக் கூடப் பாக்க வேணும்? (திருநெல்வேலி)

225 கேள்வி, 5 மணித்தியாலம். கேள்விக்கு 80 செக்கன்தான் வருது. 45 கேள்வியா 5 பகுதி, ஒரு பகுதியை முடிச்சா திரும்பிப் போகேலாது. 225 இல 180க்குத்தான் புள்ளி, மிச்சம் 45 அவை பரிசோதிச்சுப் பாக்கிற கேள்வி, எது எது எண்டு தெரியாது, அதால ஒண்டு விளங்காட்டி அதிலயே நிண்டு அழவேண்டாம். பிழைக்குப் புள்ளி குறைக்கிறேல்லை, ஒண்டையும் விடாதேங்கோ.

அரைவாசிக்கு மேல எலும்பு தசையும் நரம்பும்தான், பிறகு இருதயம் நுரையீரல். இது எங்கட ஆக்களுக்கு நல்லாத் தெரிஞ்ச பகுதி. விழுறது வேற இடத்தில. எங்கட ஆஸ்பத்திரியில டொக்டர் பாத்து எழுதி அனுப்பின பிறகுதான் நோயாளி எங்களிட்ட வாறது. அங்க நோயாளி நேரா பிசியோவிட்டயே வந்து நிக்கலாம், அதால இவருக்கு நான் வைத்தியம் செய்யலாமோ, இல்லை உடன டொக்டரிட்ட அனுப்ப வேணுமோ எண்டு கண்டுபிடிக்கிறதை நல்லா இறுக்கிக் கேப்பினம். நாரி நோவோட வந்தவருக்கு சலம் போகுதில்லை, இருக்கிற இடம் விறைச்சுப்போச்சு எண்டா அங்க எக்சர்சைஸ் இல்லை, உடன எமர்ஜென்சி.

"முதல்ல என்ன செய்வீங்க" எண்டு கேக்கிற கேள்வியில நாலு விடையும் சரி மாதிரித்தான் இருக்கும். முள்ளந்தண்டு அடிபட்டவர், ரீ6 எண்ட நெஞ்சுப் பகுதி ஆறாவது முள்ளெலும்புக்கு மேல காயம், திடீரெண்டு தலையிடி, பிரஷர் ஏறுது. கதீட்டர் (சலம் போற குழாய்) மடிஞ்சிருக்கோ எண்டு பாக்கிறதும் சரிதான், ஆனா முதல் அவரை நிமித்தி இருத்த வேணும், பிறகுதான் கதீட்டர். வன்னிப் பக்கம் இப்பிடியான ஆக்களோட வேலை செய்த எங்கட பிசியோமாருக்கு இது கை பழகின விசயம், பேப்பரில வரேக்கதான் தடுமாறுறது. அதால வாட்டில ஒவ்வொருத்தரைப் பாக்கேக்கயும் முதல் என்ன, அடுத்தது என்ன எண்டு மனசுக்குள்ள சொல்லிப் பழகுங்கோ, அதுக்குத் தனி நேரம் தேவையில்லை.

புண் பராமரிப்பு எங்கட பக்கம் நேர்ஸ்மாரின்ர வேலை, அங்க பிசியோவும் செய்யிறது, எரிகாயம், புண் எல்லாத்தையும் வடிவாப் படியுங்கோ. அமெரிக்காவில நிறையை இறாத்தலில, உயரத்தை அடியில, காய்ச்சலை பாரன்ஹீட்டில சொல்லுறது வழக்கம், அந்த அளவுகளையும் பழகிக்கொள்ளுங்கோ. ஆராய்ச்சி முறைகளையும் ஒருக்கா தட்டிப் பாருங்கோ, சின்னப் பகுதிதான்.

எப்.எஸ்.பி.பி.ரி. தாறதே பீற் எண்டு ஒரு மாதிரிச் சோதினை இருக்கு, அதைத் தொடக்கத்தில எடுத்து வீணாக்காம கடைசி மாசங்களுக்கு வையுங்கோ. அஞ்சு மணித்தியாலம் ஒரே இருப்பில இருந்து செய்யுங்கோ, போனை அடுத்த அறையில வச்சிட்டு.

கேள்வி: போன தரம் வந்த கேள்வியளை ஒரு குறூப்பில காசுக்குத் தாறம் எண்டினம். வாங்கலாமோ? (நல்லூர்)

தொடவே தொடாதேங்கோ. வந்த கேள்வியை வெளியில சொல்லமாட்டன் எண்டு எல்லாரும் ஒப்புக்கொண்டுதான் எழுதுறது, பிடிபட்டா புள்ளியும் போகும் லைசன்ஸும் போகும். 2010 இல இந்தியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், எகிப்து எண்ட நாலு நாட்டுக் கல்லூரியளில படிச்ச ஆக்களுக்கு இந்தக் கேள்வி களவாலதான் சோதினையையே நிப்பாட்டினவை, பிறகு அவைக்கெண்டு வருசத்துக்கு ஒருக்கா வேற பேப்பர் வச்சவை. ஒண்டும் செய்யாத பிள்ளையளும் அதில மாட்டுப்பட்டதுகள்.

கேள்வி: லண்டனுக்கும் இப்பிடிச் சோதினை இருக்கோ? (பருத்தித்துறை)

இல்லை. அங்க பிசியோமாரைப் பதியிற எச்.சி.பி.சி. எண்ட சபைக்கு விண்ணப்பிச்சு படிப்பு விபரமும் வேலை அனுபவமும் காட்ட வேணும், இங்கிலிஷுக்கு ஐஈஎல்ரிஎஸ் சோதினை எண்டா மொத்தம் 7, ஒரு பகுதியிலயும் 6.5க்குக் குறையக்கூடாது. அமெரிக்காதான் வேணும் எண்டு பிடிவாதம் இல்லாட்டி இதையும் யோசியுங்கோ. ஒண்டு மட்டும், லைசன்ஸ் வேற, விசா வேற. அமெரிக்காவில பிசியோவுக்கு ஆள் தட்டுப்பாடு எண்டபடியா கிறீன் காட்டில ஷெடியூல் ஏ எண்டு ஒரு வழி இருக்கு, ஆனா அதுக்கும் வேலை தாற ஒரு இடம் முதல் கையில வேணும். "சோதினை, விசா எல்லாத்தையும் நாங்க பாப்பம்" எண்டு முழுக் காசையும் முன்னுக்குக் கேக்கிற ஏஜென்சிக்காரரிட்டப் போய் மாட்டுப்படாதேங்கோ. போர்ட்டின்ர விதி எல்லாம் இன்டர்நெற்றில சும்மாவே கிடக்கு.