மென்மையான இங்கிலீஷ் பைப் கலவைகள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

புகையூட்டிக் கருப்பாக்கிய இலையான லட்டாக்கியா குறைவாகச் சேர்ந்த மென்மையான இங்கிலீஷ் பைப் புகையிலைக் கலவைகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: சார், டின்னில் லட்டாக்கியா என்று போட்டிருந்தாலே அது இங்கிலீஷ் கலவைதானா?

பதில்: இன்றைய பேச்சு வழக்கில் ஏறக்குறைய அப்படித்தான். அடிப்படை வர்ஜீனியா என்ற தித்திப்பான இலை. அதோடு ஓரியண்டல் எனப்படும் துருக்கி, கிரேக்க நாட்டுச் சிறு இலைகள். அதற்கு மேல் லட்டாக்கியா. இந்த மூன்றும் சேர்ந்தால் இங்கிலீஷ். வெனிலா, செர்ரி, சர்க்கரைப் பாகு எதுவும் கிடையாது. பிரிட்டனில் அந்தக் காலத்தில் இறக்குமதியாகும் இலைக்கு எடை பார்த்துத்தான் வரி. அதன் பிறகு இனிப்பும் பாகும் ஊற்றி எடை கூட்டினால், கூடிய எடைக்கு வரி வராமல் கஜானாவுக்கு நஷ்டம் என்பதால், கலப்படத்துக்கு எதிரான சட்டங்கள் அங்கே நெடுங்காலம் கடுமையாக இருந்தன. அதனால் அங்கிருந்த கலவைக்காரர்கள் ருசியை இலையிலேயே தேட வேண்டி வந்தது. எனக்கு இந்த வகை மேல் இவ்வளவு மரியாதை இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கேள்வி: ஒரு இங்கிலீஷ் கலவையை 'மைல்டு' என்றும் இன்னொன்றை 'ஃபுல்' என்றும் எதை வைத்துச் சொல்கிறீர்கள்? லட்டாக்கியா அளவு மட்டும்தானா?

பதில்: அளவு முக்கியம்தான். ஆனால் அதோடு முடிவதில்லை.

லட்டாக்கியா தனி இனம் அல்ல. அதுவும் ஓரியண்டல் இலைதான். வெயிலில் காயவைத்த பிறகு, கொட்டகையில் தொங்கவிட்டு விறகுப் புகை மூட்டத்தில் வாரக்கணக்கில் வைத்திருப்பார்கள். எடுக்கும்போது இலை கன்னங்கரேலென்று ஆகியிருக்கும். சைப்ரஸில் மாஸ்டிக், மிர்ட்டில் புதர்களையும் பைன், சைப்ரஸ் மரங்களையும் எரிக்கிறார்கள். அந்த வாசனை முழுக்க இலைக்குள் இறங்கிவிடும். சமையலில் பெருங்காயம் செய்கிற வேலையைத்தான் மென்மையான கலவையில் லட்டாக்கியா செய்ய வேண்டும்: இருப்பது தெரிய வேண்டும், மற்றதை மறைக்கக் கூடாது.

நான் வீட்டில் கலக்கும்போது வர்ஜீனியா 60, ஓரியண்டல் 25, லட்டாக்கியா 15 என்று தொடங்குவேன். லட்டாக்கியாவை 30க்கு ஏற்றினால் வேறு ஒரு புகையிலை கிடைத்துவிடும். ஆனால் அதே 15-ஐ வைத்துக்கொண்டு ஓரியண்டலை 10 ஆகக் குறைத்துப் பாருங்கள். கலவை இன்னும் மென்மையாகாது, இரண்டாகப் பிளந்து நிற்கும். ஒரு இழுப்பில் வர்ஜீனியாவின் தித்திப்பு, அடுத்த இழுப்பில் புகை நெடி, நடுவில் ஒன்றுமில்லை. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது ஓரியண்டல்தான். இஸ்மிர் இலை லேசான தித்திப்பு தரும். சாம்சுன், பஸ்மா போன்றவை ஒரு புளிப்பும், உலர்ந்த மூலிகை மணமும் தரும். உள்ளங்கையைவிடச் சிறிய இலைகள், ஆனால் மணம் அபாரம். மென்மையான கலவையை நல்லதா சுமாரா என்று எடை போட நான் முதலில் தேடுவது இந்தப் புளிப்பைத்தான்.

கேள்வி: எனக்கு எந்த இங்கிலீஷ் கலவையிலும் அடுப்புப் புகை மட்டும்தான் தெரிகிறது, அண்ணா. நீங்கள் சொல்லும் மற்ற ருசிகள் எங்கே?

பதில்: தம்பி, அவசரப்பட்டு இழுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஏர்லி மார்னிங் பைப் என்ற மென்மையான இங்கிலீஷ் கலவை கைவசம் இருந்தால் ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தாளில் பரப்புங்கள். மூன்று நிறம் தெரியும்: பொன் மஞ்சள், பழுப்பு, கருப்பு. கருப்பு இழைகளை மட்டும் பொறுக்கித் தனியே வையுங்கள். எவ்வளவு கொஞ்சம் என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கருப்பை முகருங்கள், பிறகு மீதியை முகருங்கள். மீதியில் காய்ந்த வைக்கோல், லேசான தேன், பழப்புளிப்பு இருக்கும். புகை பிடிக்கும்போது தேட வேண்டியது அதைத்தான்.

பற்றவைத்த முதல் சில நிமிடம் லட்டாக்கியா முன்னால் வந்து நிற்கும். கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்கு எரிந்ததும் அது பின்வாங்கும், வர்ஜீனியா ரொட்டி சுடும் மணத்தோடு எழும்பி வரும். அந்த நேரத்தில் வாயிலிருக்கும் புகையில் துளியூண்டு மூக்கு வழியாக விடுங்கள். நுரையீரலுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஓரியண்டலின் மணத்தை நாக்கைவிட மூக்குதான் நன்றாகப் பிடிக்கும். கூடவே பால், இஞ்சி, ஏலக்காய் எதுவும் போடாத வெறும் கடுந்தேநீர் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மென்மையானது என்றுதான் வாங்கினேன். நாக்கு வெந்துபோகிறது. ஏன்?

பதில்: எரிச்சலுக்குக் காரணம் அநேகமாக வர்ஜீனியா. வெப்பக் குழாய் ஓடும் கொட்டகையில் பதப்படுத்துவதால் அதில் சர்க்கரை நிறையத் தங்கிவிடும். வேகமாக இழுத்தால் சூடு ஏறும், ஈரம் ஆவியாக வந்து நாக்கைச் சுடும். லட்டாக்கியா மெதுவாக, குளிர்ச்சியாக எரிகிற இலை. அது கூடுதலாக உள்ள கலவை பல நேரம் நாக்குக்கு இதமாக இருப்பதும், 'மென்மையான' கலவை சுடுவதும் இதனால்தான்.

டின்னிலிருந்து எடுத்ததை அப்படியே நிரப்பாதீர்கள். தட்டில் பரப்பி இருபது நிமிடம் ஆறவிடுங்கள். விரலால் அழுத்தி விட்டால் உதிர வேண்டும். கட்டியாக நின்றால் ஈரம் அதிகம், நொறுங்கினால் காய்ந்துவிட்டது. அடியில் தளர்வாக, மேலே சற்று இறுக்கமாக நிரப்புங்கள். பைப் அணைந்தால் அணையட்டும், திரும்பப் பற்றவைத்துக்கொள்ளலாம். அணையக் கூடாது என்று விடாமல் ஊதுவதுதான் நாக்கைக் கெடுக்கிறது.

கேள்வி: மைல்டு என்றால் நிகோட்டினும் குறைவு, உடம்புக்கும் கெடுதல் குறைவு என்று எடுத்துக்கொள்ளலாமா? வயது 19, இதிலிருந்தே பழகலாம் என்று இருக்கிறேன்.

பதில்: பழகாதீர்கள். இதை நான் சடங்குக்காகச் சொல்லவில்லை.

ருசியின் மென்மை வேறு, நிகோட்டின் வேறு, கெடுதல் வேறு. நெடி தூக்கும் லட்டாக்கியாவில் நிகோட்டின் குறைவாகத்தான் இருக்கும். வாசனையே தெரியாத சில இலைகளில் தலை சுற்றும் அளவுக்கு இருக்கும். கெடுதல் விஷயத்தில் இந்த வித்தியாசம் எதுவும் கைகொடுக்காது. புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் உதடு, வாய், தொண்டை, உணவுக்குழாய் அனைத்துக்கும் புற்றுநோய் அபாயம் உண்டு. நுரையீரல் அபாயமும் புகைக்காதவரைவிட அதிகம்தான். வாய்த்தோல் வழியாகவே நிகோட்டின் ஏறி அடிமையாக்கும். 'லைட்', 'மைல்டு' போன்ற சொற்கள் கெடுதல் குறைவு என்ற எண்ணத்தை உண்டாக்குகின்றன என்றுதான் ஐரோப்பிய ஒன்றியம் 2001 ஆணையில் அவற்றைப் புகையிலைப் பெட்டிகளில் அச்சிடத் தடை விதித்தது. நானும் இந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லை ருசிக்கு மட்டுமே பயன்படுத்துகிறேன். ஏற்கெனவே பைப் பிடிப்பவர்களுக்காகத்தான் இந்தப் பதில்கள். உங்களுக்கு 19 வயது. கையில் எடுக்காமலே இருந்துவிடுங்கள்.

கேள்வி: டன்ஹில் கலவைகளில் எது மென்மை, எது கடுமை? இப்போது கிடைக்கிறதா?

பதில்: ஆல்ஃப்ரெட் டன்ஹில் 1907-இல் லண்டன் டியூக் தெருவில் கடை போட்டு, வாடிக்கையாளர் கேட்டபடி கலந்து கொடுத்து வளர்ந்த பெயர் அது. பைப் புகையிலையில் அந்தப் பெயர் இப்போது இல்லை. அந்தக் கலவைகளில் பல பீட்டர்சன் என்ற நிறுவனத்தின் பெயரில் வருகின்றன. ஏர்லி மார்னிங் பைப்தான் வரிசையில் மென்மையானது. லண்டன் மிக்ஸ்சர் நடுத்தரம். 965 என்ற கலவையில் பழுப்பு கேவண்டிஷும் (அழுத்திப் பதப்படுத்திய புகையிலை) சேர்வதால் உருண்டு திரண்ட, கொஞ்சம் கனமான ருசி. நைட்கேப்பில் லட்டாக்கியாவோடு லூயிசியானாவின் பெரிக் என்ற காரமான இலையும் உண்டு, வெறும் வயிற்றில் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: அண்ணை, யாழ்ப்பாணத்தில எங்கட தாத்தா காலத்தில தேங்காய் மட்டை மூட்டத்தில போயிலைக்குப் புகை போடுறவை. அதுவும் லட்டாக்கியாவும் ஒண்டோ?

பதில்: புகை போடும் எண்ணம் ஒன்று, இலை வேறு. யாழ்ப்பாணத்து இலை பெரியது, தடித்தது, காரம் கூடியது. வெற்றிலையோடு மெல்லவும் சுருட்டுக்கும் போனது. லட்டாக்கியாவுக்குப் போவது காரம் குறைந்த ஓரியண்டல் இலை. அதோடு மட்டையின் புகையும் மாஸ்டிக் புதரின் புகையும் ஒரே மணம் தராது. உங்கள் வீட்டில் அந்தப் புகை போடும் முறையை நேரில் பார்த்தவர்கள் இருந்தால், எத்தனை நாள், எப்படி அடுக்குவார்கள் என்பதைக் கேட்டு எழுதி வையுங்கள். நானும் படிக்க ஆசைப்படுகிறேன்.

கேள்வி: சிரியா லட்டாக்கியா ஏன் கிடைப்பதில்லை? சைப்ரஸுடையது மட்டம்தானா?

பதில்: மட்டம் இல்லை, குணம் வேறு. சிரியாவின் இலை 'ஷெக் எல் பிந்த்' என்ற ரகம். அதில் மரவாசனையும், திராட்சை மதுவை நினைவுபடுத்தும் கூர்மையும் உண்டு. சைப்ரஸுடையது தோல் வாசனையும் தித்திப்பும் கூடியது. புகை மூட்டத்துக்கு வெட்டிய விறகால் சிரியாவின் காடு அழிந்ததும் அந்த உற்பத்தி நின்றதற்கு ஒரு காரணம். இன்று கடையில் லட்டாக்கியா என்று இருப்பது பெரும்பாலும் சைப்ரஸ். மென்மையான கலவைக்கு எனக்கு அதுவே பொருத்தமாகவும் படுகிறது. சிரியாவின் கூர்மை குறைந்த அளவிலேயே ஓரியண்டலோடு மோதும்.

கேள்வி: பழைய டின் வாங்கலாமா?

பதில்: வர்ஜீனியா ஆண்டுகள் ஏற ஏற மெருகேறும். லட்டாக்கியாவின் நெடி மங்கும். ஏற்கெனவே கொஞ்சமாக இருப்பது மங்கினால் மிச்சம் என்ன? ஐந்து ஆண்டுக்குள் தீர்த்துவிடுங்கள்.

கேள்வி: இதற்குத் தனி பைப் வேண்டுமா?

பதில்: வேண்டும். லட்டாக்கியா வாசனை கிண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு அதில் வெறும் வர்ஜீனியா பிடித்தால் கெட்டுப்போகும். காசு செலவழிக்கத் தயக்கமாக இருந்தால் சோளக்கட்டை பைப் போதும். அதிலும் ருசி தெளிவாகவே தெரியும்.

கேள்வி: ஏர்லி மார்னிங் பைப் முடித்துவிட்டேன், பிடித்திருந்தது. அடுத்து?

பதில்: பிரெஸ்பிட்டேரியன் மிக்ஸ்சர். பிரிட்டிஷ் பிரதமராக இருந்த ஸ்டான்லி பால்ட்வினின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கலவை. ஓரியண்டலின் புளிப்பு அதில் இன்னும் துலக்கம். அது கைவந்த பிறகு கெண்டல் ஊரின் சாமுவேல் கவித் தயாரிக்கும் ஸ்குவாட்ரன் லீடர் பாருங்கள், ஒரு படி மேலே. ஈரம் அதிகமாக வரும், முதல்நாளே தட்டில் போட்டு ஆறவிடுங்கள்.