கைக்குழந்தைக்குக் கதகதப்பான குரோஷே குல்லா பின்னுவது எப்படி? எந்த நூல், என்ன அளவு?

குரோஷேயில் செயின், சிங்கிள், டபுள் என்ற மூன்று தையல்களும் தெரியும், அக்காவுக்கு இன்னும் சில வாரங்களில் குழந்தை பிறக்கப் போகிறது, காது மூடுகிற மாதிரி ஒரு குல்லா பின்னித் தரவேண்டும், பேட்டர்ன் (வரிசைக்கு எத்தனை தையல் என்று எழுதிய குறிப்பு) பார்த்தால் தலை சுற்றுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பேட்டர்னை ஒதுக்கி வையுங்கள். குல்லாவுக்கு அது தேவையே இல்லை என்பது என் கட்சி. பேட்டர்ன் எழுதியவரின் கை இறுக்கம் வேறு, உங்கள் கை இறுக்கம் வேறு. அவர் சொன்ன எண்ணிக்கையை அப்படியே போட்டால் அவருடைய குல்லா வராது. தலையின் சுற்றளவு ஒன்று தெரிந்தால் போதும், மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்தே வரவழைத்துவிடலாம். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 33 முதல் 36 செ.மீ. வரை இருக்கும். முதல் மூன்று மாதம் மாதத்துக்கு ஏறக்குறைய 2 செ.மீ. வளரும். அடுத்த மூன்று மாதம் மாதத்துக்கு 1 செ.மீ., அதன் பிறகு அரை செ.மீ. என்று வேகம் குறையும். தோராயமாக மூன்று மாதத்தில் 40, ஆறு மாதத்தில் 43, ஒரு வயதில் 46 என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பரிசாகப் பின்னுகிறவர்கள் பிறந்த குழந்தை அளவிலேயே போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். பொம்மைக் குல்லா மாதிரி அழகாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் தலையில் ஏறாது. குளிர் எப்போது வரும், அப்போது குழந்தைக்கு எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டு அந்த அளவுக்குப் பின்னுங்கள். அப்போது மூன்று மாதம் தாண்டியிருக்கும் என்றால் 3 முதல் 6 மாத அளவு சரியாக வரும். அதாவது தலை 41 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

குல்லாவைத் தலையளவுக்கே பின்னக் கூடாது. 2, 3 செ.மீ. குறைத்துப் பின்னினால்தான் லேசாக இழுபட்டுத் தலையைப் பிடித்துக்கொள்ளும். சமமாகப் பின்னிய குல்லா இரண்டு முறை போட்டதும் நெகிழ்ந்து கண்ணை மறைக்கும். ஆக 41 தலைக்கு 38 செ.மீ. குல்லா. உயரத்துக்கு ஒரு சுலபக் கணக்கு, தலைச் சுற்றளவில் ஐந்தில் இரண்டு பங்கு. 41-க்கு அது 16 செ.மீ. சொச்சம்.

இனி நூல். குல்லாவின் கதகதப்பு நூலுக்குள் அடைபட்டு நிற்கும் காற்றில்தான் இருக்கிறது. கம்பளி இழை இயல்பிலேயே சுருள் சுருளாக இருப்பதால் நிறையக் காற்றைப் பிடித்து வைக்கும், கொஞ்சம் ஈரமானாலும் சூட்டைச் சட்டென்று விடாது. பருத்தி நூல் தோலுக்கு இதம், ஆனால் நெகிழ்ந்து கொடுக்காது, நனைந்தால் ஜில்லென்று ஒட்டிக்கொள்ளும். வெயில் காலத்துத் தொப்பிக்கு அதை வைத்துக்கொள்ளலாம். அக்ரிலிக் துவைக்கச் சுலபம், அரிப்பும் கிடையாது, மிதமான குளிருக்குத் தாராளமாகப் போதும். ஆனால் இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். சூடு பட்டால் நூல் உயிர் போன மாதிரி தொங்கிவிடும், பழைய விறைப்பு திரும்பாது. கடுங்குளிர் என்றால் என் ஓட்டு சூப்பர்வாஷ் மெரினோவுக்கு, அதாவது மெஷினில் துவைக்கத் தக்கபடி பதப்படுத்திய மெரினோ ஆட்டுக் கம்பளிக்கு. மெல்லிய இழை என்பதால் குத்தாது, மெஷினில் போட்டாலும் சுருங்கி அட்டையாகாது. வாங்குவதற்கு முன் உருண்டையைக் கழுத்தின் பக்கவாட்டில் தேய்த்துப் பாருங்கள். உள்ளங்கைக்குத் தெரியாத அரிப்பு கழுத்துக்குத் தெரியும். மோஹேர், அங்கோரா மாதிரி பொசுபொசுவென்று முடி நிற்கும் நூல் எதுவும் வேண்டாம், உதிரும் இழை குழந்தையின் மூக்கிலும் வாயிலும் போகும்.

கனம் என்று பார்த்தால் டிகே (DK, நடுத்தரத்துக்குச் சற்று மெல்லிய நூல்) என்று லேபிளில் போட்டிருக்கும் நூலும் 4 மி.மீ. ஊசியும் போதும். இந்த அளவுக் குல்லாவுக்கு 50 கிராம் உருண்டை ஒன்று பொதுவாகப் போதும். கைதளர்வாகப் பின்னுகிறவர் என்றால் இன்னொன்று கையில் இருக்கட்டும்.

உங்களுக்குத் தெரிந்த மூன்றோடு ஹாஃப் டபுள் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டபுள் தையல் உயரமானது, இடையில் சந்து விழும், காற்று புகும். சிங்கிள் நெருக்கமானது, ஆனால் விறைப்பாக நிற்கும். ஹாஃப் டபுள் இரண்டுக்கும் நடுவில். நூலை ஊசியில் ஒரு சுற்று சுற்றி, தையலுக்குள் விட்டு இழுத்தால் ஊசியில் மூன்று கண்ணி நிற்கும். டபுளில் இரண்டிரண்டாகக் கழற்றுவோம் அல்லவா, இதில் மறுபடி நூலைச் சுற்றி மூன்றையும் ஒரே இழுப்பில் கழற்றிவிட வேண்டும். அவ்வளவுதான். வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்வதென்றால் ஒரு எச்சரிக்கை: அமெரிக்கர்கள் சிங்கிள் என்பதைப் பிரிட்டிஷ்காரர்கள் டபுள் என்பார்கள். நான் சொல்வதெல்லாம் அமெரிக்க முறை.

உச்சியில் இருந்து ஆரம்பம். மேஜிக் ரிங், அதாவது முனையை இழுத்தால் மூடிக்கொள்ளும் நூல் வளையம் போட்டு அதற்குள் 8 ஹாஃப் டபுள். அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு, 16. அதற்கடுத்து ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு, 24. இப்படிச் சுற்றுக்கு எட்டு எட்டாக ஏற்றிக்கொண்டு போங்கள்: 32, 40, 48, 56. ஏன் எட்டு? வட்டம் தட்டையாக விரிய வேண்டும் என்றால், ஆரம் ஒரு தையல் உயரம் கூடும்போது சுற்றளவு அதைப்போல 6.28 மடங்கு கூடியாக வேண்டும். சிங்கிள் தையல் ஏறக்குறைய சதுரம், அதனால் அதற்கு ஆறு. டபுளின் உயரம் அகலத்தைப்போல இரண்டு மடங்கு, அதனால் பன்னிரண்டு. ஹாஃப் டபுள் இடைப்பட்டது, பெரும்பாலான கைகளுக்கு எட்டு சரியாக வரும். பள்ளிக்கூடத்தில் படித்த பை எனக்கு உபயோகப்பட்ட ஒரே இடம் இதுதான்!

எட்டு உங்கள் கைக்குப் பொருந்துகிறதா என்பதை வட்டமே சொல்லும். நாலாவது சுற்று முடிந்ததும் மேஜை மேல் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுங்கள். ஓரம் அலை அலையாக எழும்பினால் தையல் அதிகம், ஒரு சுற்றை ஏற்றமே இல்லாமல் பின்னுங்கள், படிந்துவிடும். நடுப்பகுதி குமிழ் மாதிரி தூக்கினால் தையல் குறைவு, ஒரு நம்பர் பெரிய ஊசியில் திரும்ப ஆரம்பிப்பது நல்லது. இரட்டைத் தையல்கள் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றன் மேல் ஒன்றாகவே விழுந்தால் வட்டம் எண்கோணமாகத் தெரியும். ஒரு சுற்றில் ஏற்றத்தைக் கொஞ்சம் தள்ளி ஆரம்பித்தால் மூலை மறையும்.

எப்போது நிறுத்துவது? இந்தக் கேள்விக்கு எண்ணிக்கையில் பதில் தேடாமல் ஸ்கேலை எடுங்கள். குல்லாச் சுற்றளவு 38. அதை 3.14-ஆல் வகுத்தால் 12.1. வட்டத்தின் குறுக்களவு 12 செ.மீ. ஆனதும் ஏற்றத்தை நிறுத்திவிட வேண்டும். எந்த நூல், எந்த ஊசி, எந்தக் கை என்றாலும் இந்தக் கணக்கு மாறாது. டிகே நூலில் என் கைக்கு 10 செ.மீ.க்கு 16 தையல் விழும். 56 தையலில் வட்டம் 11 செ.மீ.தான் வரும், 64-க்குப் போனால் 12.7 ஆகிவிடும். அப்படி நடுவில் மாட்டினால் எட்டுக்குப் பதில் நாலே நாலு இடத்தில் ஏற்றி 60-இல் நிறுத்துங்கள். யாரும் கண்டுபிடிக்க முடியாது.

அதன் பிறகு தையலுக்கு ஒரு தையல், ஏற்றமில்லாத சுற்றுகள். வட்டம் தானாகவே கீழே வளைந்து கிண்ணம் ஆகும். ஒவ்வொரு சுற்றையும் ஸ்லிப் ஸ்டிட்ச் (தையலுக்குள் ஊசியை விட்டு, நூலை ஊசியில் இருக்கும் கண்ணி வழியாகவும் ஒரே இழுப்பில் இழுத்துவிடும், உயரமில்லாத தையல்) போட்டு மூடினால் அந்த இணைப்பு கோடாகத் தெரியும், அதுவும் நேராக இறங்காமல் சாய்ந்து சாய்ந்து போகும். ஆகவே மூடாமல் சுருளாகவே போய்க்கொண்டிருங்கள், சுற்றின் முதல் தையலில் மட்டும் ஒரு மார்க்கரோ வேறு நிற நூல் துண்டோ மாட்டி வைத்து, சுற்றுக்கு ஒரு தடவை அதை மேலே மாற்றிக்கொள்ளுங்கள். உச்சியிலிருந்து விளிம்பு வரை 12 செ.மீ. ஆனதும் நிறுத்தலாம். கடைசித் தையலுக்குப் பிறகு ஒரு சிங்கிள், ஒரு ஸ்லிப் ஸ்டிட்ச் போட்டால் சுருளின் படி சமமாகிவிடும். இந்தக் கட்டத்தில் குல்லாவைக் கைமுட்டியில் மாட்டி விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தையல்களுக்கு நடுவே வெளிச்சம் பொட்டுப் பொட்டாகக் கொட்டினால் குளிர்காற்றும் அப்படித்தான் வரும். ஒரு நம்பர் சின்ன ஊசி எடுத்திருக்க வேண்டும் என்று அர்த்தம்.

காதுக்கு வருவோம். தொங்கல் வைத்துக் கயிறு கட்டுகிற மாடல் படத்தில் அழகாக இருக்கும். எனக்கு அது பிடிக்காது. கழுத்தருகே கயிறு என்பது கைக்குழந்தைக்கு ஆபத்து. ஐரோப்பாவின் ஈஎன் 14682 என்ற பாதுகாப்புத் தரம் 7 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உடைகளில் தலை, கழுத்துப் பகுதியில் கயிறே கூடாது என்கிறது. அதற்குப் பதில் மடித்துவிடுகிற ரிப் விளிம்பு, அதாவது மேடு பள்ளமாக இழுபடும் பட்டை வையுங்கள். காது மேல் இரண்டு அடுக்கு விழும், தலை வளர வளர மடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியும்விடலாம்.

ரிப் குறுக்காகப் பின்னுவது. நூலை வெட்டாமல் அங்கேயே 8 செ.மீ. நீளத்துக்குச் செயின் போடுங்கள், இன்னும் ஒரு செயின் கூடுதலாக. ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் தொடங்கி சிங்கிளாகக் குல்லாவை நோக்கித் திரும்பி வாருங்கள். குல்லா விளிம்பின் அடுத்த இரண்டு தையல்களில் ஸ்லிப் ஸ்டிட்ச். திருப்பி, அந்த ஸ்லிப் ஸ்டிட்ச்களைத் தொடாமல் தாண்டி, பட்டையின் தையல்களில் பின்பக்கக் கண்ணியில் மட்டும் (தையல் உச்சியில் தெரியும் இரண்டு இழைகளில் உங்களுக்கு அப்பால் இருப்பது) ஊசியை விட்டு சிங்கிள் போட்டு நுனி வரை போங்கள். ஒரு செயின், திருப்பல், மறுபடி பின்கண்ணியிலேயே விளிம்புக்கு வந்து அடுத்த இரண்டு தையலில் ஸ்லிப் ஸ்டிட்ச். இரண்டு வரிசைக்கு ஒரு மேடு எழும்பும். இழுத்தால் விரிந்து, விட்டால் சுருங்கும். முழுச் சுற்றும் வந்த பிறகு கடைசி வரிசையையும் முதல் செயினையும் சேர்த்துத் தையுங்கள். இந்தத் தையலைக் குல்லாவின் வெளிப்பக்கம் போடுவது முக்கியம். விளிம்பைப் பாதி மேலே மடித்ததும் அது மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும், குழந்தையின் தோலில் உறுத்தாது. மிச்ச நூல் முனையையும் அந்தப் பக்கமே ஓட்டிவிடுங்கள். 12-உம் 8-உம் 20, மடிப்பில் 4 போனால் 16. நமக்கு வேண்டிய உயரம்.

உச்சியில் மேஜிக் ரிங்கின் நூல் முனையை அலட்சியமாக விடாதீர்கள். குல்லாவில் பிரிந்து போகிற இடம் ஒன்று உண்டென்றால் அதுதான். நன்றாக இழுத்து மூடி, வளையத்தைச் சுற்றி ஒரு முறை ஓட்டி, திரும்பி எதிர்த்திசையில் ஒரு முறை, பிறகு குறுக்கே ஒரு முறை ஓட்டிய பிறகே வெட்டுங்கள். பட்டன், மணி எதுவும் வேண்டாம், பிய்ந்தால் நேராக வாய்க்குத்தான். பாம்பாம் (நூல் குஞ்சப் பந்து) வைத்தே தீருவேன் என்றால் அதையும் இறுக்கிக் கட்டுங்கள், ஆனால் மல்லாந்தே கிடக்கிற வயதில் அது தலைக்குக் கீழே உருண்டுகொண்டிருக்கும், பாவம்.

உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகத்தான் போகும் என்று சொல்வார்கள். பெரியவர்களுக்கு அது உண்மையில்லை. குழந்தைகளுக்கு விஷயம் கொஞ்சம் வேறு: பெரியவர்களின் உடல் பரப்பில் தலையின் பங்கு 9 சதவீதம் போல, கைக்குழந்தைக்கு அது 18. வெளியே கிளம்பும்போது குல்லா போடுவதில் அர்த்தம் இருக்கிறது. அதே காரணத்தால்தான் வீட்டுக்குள், முக்கியமாகத் தூங்கும்போது, கழற்றிவிட வேண்டும். சூடு அதிகமானால் குழந்தை அதில் கணிசமான பங்கைத் தலை வழியாக வெளியே விடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022-இல் வெளியிட்ட தூக்கப் பாதுகாப்புப் பரிந்துரையிலும், பிறந்த முதல் சில மணி நேரம், தீவிர சிகிச்சைப் பிரிவு தவிர மற்ற நேரங்களில் வீட்டுக்குள் குல்லா வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். குளிர்கிறதா, வேர்க்கிறதா என்று பார்க்கக் கையைத் தொடாதீர்கள், குழந்தைகளின் கை எப்போதும் ஜில்லென்றுதான் இருக்கும். நெஞ்சையோ பின்கழுத்தையோ தொட்டுப் பாருங்கள். குல்லா பின்னிக் கொடுக்கும்போது இதை அக்காவிடமும் சொல்லிவிடுங்கள், தங்கை ஆசையாகப் பின்னியது என்று தூக்கத்திலும் போட்டு வைத்துவிடப் போகிறார்.

கொடுப்பதற்கு முன் ஒரு முறை வெதுவெதுப்பான தண்ணீரில், வாசனையில்லாத சோப்பில் அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல் ஒரு துண்டில் சுருட்டி அமுக்கி, தட்டையாகப் போட்டுக் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் சூப்பர்வாஷ் நூல் ஈரத்தின் கனத்தில் நீண்டுவிடும். உருண்டையோடு வந்த லேபிளைத் தூக்கிப் போடாமல் குல்லாவுடனேயே வைத்துக் கொடுங்கள். துவைக்கப் போவது அக்காவோ மாமாவோ, அவர்களுக்கு அது எந்த நூல் என்று எப்படித் தெரியும்?