டெக்சாஸ் ராயல்டியை எங்கே விற்பது?

கேள்வி: மேற்கு டெக்சாஸில் மிட்லண்ட் நகரில் மருத்துவராக இருந்த என் அண்ணன் சென்ற ஆண்டு காலமானார். அவர் வாங்கி வைத்திருந்த எண்ணெய், எரிவாயு ராயல்டி உரிமை உயில்படி எனக்கு வந்திருக்கிறது. அதை விற்கச் சொல்லி ஐந்து நிறுவனங்கள் கடிதம் எழுதிவிட்டன. ஒன்று டிராஃப்டையே இணைத்து அனுப்பியிருக்கிறது. எங்கே விற்பது நல்லது?
— வாசகி ஒருவர், கோவை

பதில்: முதலில் அந்த டிராஃப்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம்மூர் வங்கி டிடியைப் போல அது பணம் முன்கூட்டியே கட்டி வாங்கிய தாள் அன்று. அனுப்பியவர் ஆவணங்களைப் பார்த்து முடித்து, மனம் ஒப்பினால் குறித்த நாட்களுக்குள் பணம் தருவார். ஒப்பாவிட்டால் தராமலே விட்டுவிடுவார். அதற்குள் கூடவே வந்த பத்திரத்தில் உங்கள் கையெழுத்து ஏறியிருக்கும். இப்படிப் பத்திரத்தையும் டிராஃப்டையும் சேர்த்துத் தபாலில் அனுப்புகிறவர், கையெழுத்திட்டால் உரிமையை விற்றதாகும் என்ற எச்சரிக்கையை ஏறக்குறைய 14 புள்ளி எழுத்தில் அச்சிட்டாக வேண்டும் என்றும், அது இல்லாவிட்டால் விற்றவர் வழக்குப் போட்டு இழப்பீடு கேட்கலாம் என்றும் டெக்சாஸ் சொத்துச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவை வைத்து விற்பனையைச் செல்லாததாக்க முடியாது. பத்திரத்தின் நடுவில் ‘இந்தக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது) விற்பவருக்கு உள்ள பிற உரிமைகள் அனைத்தும்’ என்றொரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், விலை பேசாத பங்கும் சேர்ந்து போய்விடும்.

காவிரிப் படுகையில் ஒருவருடைய வயலில் எண்ணெய் எடுத்தால் அவருக்குக் கிடைப்பது நிலத்துக்கான வாடகையும் இழப்பீடும்தான். ராயல்டி மாநில அரசுக்குப் போகிறது. டெக்சாஸிலோ 1866-ஆம் ஆண்டு அரசியலமைப்பே நிலத்தடிக் கனிமங்களை நிலச் சொந்தக்காரருக்கு விட்டுக்கொடுத்துவிட்டது. மேல்நிலம் ஒருவருக்கும் அடிப்பங்கு இன்னொருவருக்கும் இருப்பது அங்கே சாதாரணம். அடிப்பங்கை வாங்குவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் பல இருப்பதும் அதனால்தான்.

கடிதம் எழுதியவர்களில் சிலர் உண்மையில் வாங்குபவர்கள் அல்லர். உங்களிடம் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, 30 அல்லது 60 நாள் ஆய்வுக் காலத்துக்குள் பெரிய நிறுவனம் ஒன்றிடம் கூடுதல் விலைக்குக் கைமாற்றிவிடுவார்கள். நடுவில் நிற்கும் அந்தத் தொகை உங்களுக்கு வர வேண்டியது. ஆகவே உங்கள் பங்கைப் பல வாங்குபவர்கள் ஒரே நேரத்தில் பார்க்கும் இடத்தில் விற்பதே சரி என்பேன். பங்கு சிறியதென்றால் இணையவழி ஏலத் தளம் போதும். குறைந்தபட்ச விலையை முன்கூட்டியே வைக்க முடியுமா, விற்காவிட்டாலும் கட்டணம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரியதென்றால், மூடிய உறையில் விலை கேட்டு வாங்கித் தரும் தரகருக்குக் கொடுக்கும் கமிஷன் வீணாகாது.

விலைகளை ஒப்பிடும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். ராயல்டிக் காசோலையோடு வரும் சீட்டில் ஒவ்வொரு கிணற்றுக்கும் எதிரே, அதன் வருமானத்தில் உங்கள் பங்கைக் காட்டும் நீளமான தசம எண் ஒன்று இருக்கும். 640 ஏக்கர் தொகுதியில் 10 ஏக்கர் கனிமம் உங்களுடையதாகவும், எண்ணெய் எடுக்கக் குத்தகைக்கு எடுத்த நிறுவனம் தரும் ராயல்டி நாலில் ஒன்றாகவும் இருந்தால் அந்த எண் 0.00390625. இதே பங்கை ‘நெட் மினரல் ஏக்கர்’ கணக்கில் 10 என்பார்கள். எட்டில் ஒரு பங்கை அடிப்படையாகக் கொள்ளும் ‘நெட் ராயல்டி ஏக்கர்’ கணக்கில் 20 என்பார்கள். ஏக்கருக்கு 6,000 டாலர் என்று ஒருவரும் 10,000 டாலர் என்று மற்றொருவரும் எழுதியிருந்தால், முன்னவர் 20 ஏக்கருக்கும் பின்னவர் 10 ஏக்கருக்கும் சொல்கிறாரென்றால், 1,20,000 தருபவர் 6,000 சொன்னவர்தான். எனவே ஏக்கர் விலையைக் கேட்காமல் மொத்தத் தொகையைக் கேளுங்கள். எந்தத் தேதி முதலான உற்பத்தி வாங்குபவரைச் சேரும் என்பதையும் கேளுங்கள். அதைப் பின்னோக்கி வைத்தால், உங்களுக்கு இன்னும் வராத காசோலைகள் அவருக்குப் போகும்.

திடீரென்று ஐந்து கடிதம் ஏன் வந்தது என்றும் யோசிக்க வேண்டும். உங்கள் தொகுதியில் புதுக் கிணற்றுக்கு அனுமதி வாங்கப்பட்டிருக்கலாம். அதை டெக்சாஸ் ரயில்ரோடு கமிஷனின் இணைய வரைபடத்தில் யாரும் பார்க்கலாம். (பெயர்தான் ரயில், ரயிலோடு அதற்கு இப்போது தொடர்பில்லை, எண்ணெய்தான் வேலை.) நிலத்தடியில் பக்கவாட்டில் நீளும் கிடைக்கோட்டுக் கிணறுகளின் உற்பத்தி முதல் ஆண்டிலேயே செங்குத்தாகச் சரியும் என்பதால், பழைய கிணறுகளின் மாத வருமானத்தை மட்டும் பெருக்கிச் சொல்லும் விலை, தோண்டப்படாத கிணறுகளைக் கணக்கில் சேர்க்காத விலை.

எங்கே விற்றாலும், உயில் நிரூபிக்கப்பட்டு அதன் நகல் அந்த நிலம் உள்ள கவுண்டியின் பதிவகத்தில் ஏறியிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஏலத்தில் வென்றவர்கூடப் பணம் தரமாட்டார். நீங்கள் அமெரிக்காவில் வசிக்காத அயல்நாட்டவர் என்பதால் விற்பனைத் தொகையில் பொதுவாக 15 சதவீதத்தை வாங்குபவர் பிடித்து அமெரிக்க வரித்துறைக்குக் கட்டுவார். அது முழு வரி அன்று. அந்நாட்டு வரி எண் பெற்று, கணக்குத் தாக்கல் செய்து மிச்சத்தைத் திரும்பப் பெறலாம். அங்கே ஆதாயம் பொதுவாக அண்ணன் இறந்த நாளின் சந்தை மதிப்பிலிருந்து கணக்கிடப்படும் என்பதால், அந்தத் தேதிக்கான மதிப்பீட்டறிக்கையை இப்போதே வாங்கி வையுங்கள். இந்தியாவில் அப்படியில்லை, அண்ணன் வாங்கிய விலையே அடக்க விலை என்பதால் ஆதாயம் இங்கே பெரிதாகத் தெரியும். அவர் வாங்கிய பத்திரத்தின் நகலோடு, இரு நாட்டு வரி உடன்பாடு தெரிந்த ஆடிட்டரைப் பார்த்த பிறகு ஏலத் தேதியைக் குறியுங்கள்.