கணவர் வழியா, பாட்டி வழியா? பெங்களூருக்கு வந்த தங்கச்சிக்கு

அன்புத் தங்கச்சிக்கு,

கல்யாணம் முடிந்து மலேசியாவின் கிள்ளானிலிருந்து பெங்களூருக்கு வந்து இன்னும் இரண்டு வாரம் ஆகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். "இங்கே பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) எப்படி எடுப்பது அக்கா? இரண்டு வருஷம் போனால் கணவர் வழியில் கிடைத்துவிடும் என்கிறார்கள், அதுவரை சும்மா இருந்தால் போதுமா?" என்று கேட்டீர்கள். கூடவே எந்த ஏரியாவில் வீடு பார்ப்பது, கன்னடம் தெரியாமல் சமாளிக்க முடியுமா, நம்ம ஊர் கறி மசாலா எங்கே கிடைக்கும் என்று மூன்று கேள்விகள். அந்த மூன்றுக்கும் அவசரமில்லை. முதல் கேள்விக்குத்தான் இன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். சும்மா மட்டும் இருந்துவிடாதீர்கள்.

முதலில் ஒன்று. நம்ம ஊரில் வெளிநாட்டு மனைவி சில வருஷம் இருந்து, மனுப் போட்டு, நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு ஐசி (அடையாள அட்டை) வாங்குவதுபோல ஒரு பிஆர் இந்தியாவில் கிடையாது. 2016ல் முதலீட்டாளர்களுக்கென்று ஒரு நிரந்தர வசிப்புத் திட்டம் அறிவித்தார்கள். அது 18 மாதத்தில் 10 கோடி ரூபாய் போடக்கூடியவர்களுக்கு. நம்மைப் போன்றவர்களுக்கு இருப்பது ஓசிஐ, அதாவது இந்தியாவின் வெளிநாட்டுக் குடிமக்கள் அட்டைதான். ஆயுள் முழுக்கச் செல்லுபடியாகும் விசா என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை பார்க்கலாம், வீடு வாங்கலாம், போலீஸ் பதிவு வேண்டாம். விவசாய நிலம் வாங்க முடியாது, ஓட்டு கிடையாது, அரசாங்க வேலை கிடையாது. மலேசியப் பாஸ்போர்ட் கையிலேயே இருக்கும்.

அந்த அட்டை பற்றி யோசிக்கும் முன்னால், உங்கள் விசாவைப் பாருங்கள். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்தவர்கள் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில், அதாவது எஃப்ஆர்ஆர்ஓவில், பதிய வேண்டும். உங்களுக்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்போது எல்லாம் ஆன்லைன், 2018ல் இ-எஃப்ஆர்ஆர்ஓ வந்துவிட்டது. வீட்டிலிருந்தே பத்திரங்களை ஏற்றலாம், கூப்பிட்டால் மட்டும் போனால் போதும். இதை முடித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்.

நான் வந்தது 2016 செப்டம்பரில். அப்போது சாந்திநகர் பஸ் ஸ்டாண்டுக் கட்டடத்தின் மாடியில் இருக்கும் அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். வந்த சூட்டோடு காவிரி நீர் திறக்கச் சொன்ன உச்ச நீதிமன்ற உத்தரவை எதிர்த்துக் கலவரம் வெடித்தது. தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்கள் எரிந்தன, ஊரில் 144 தடை, சில போலீஸ் எல்லைகளில் ஊரடங்கு. எங்கள் மாமியார் வீடு மர்பி டவுனில். கேட்டைப் பூட்டி, டிவி சத்தத்தைக் குறைத்து, தமிழ்ச் சேனல் வேண்டாம் என்று எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கோ 14 நாள் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டு முகவரிக்குக் கரண்ட் பில் கேட்டார்கள், அது காலமான மாமனார் பேரில் இருந்தது. கலவரம் அடங்கிய மறுநாளே என் வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் மாமியாரின் கடிதம், இறப்புச் சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்க் கெடுவுக்குள் பதிந்தேன். என் கணவர் கோலார் தங்கவயலில் பிறந்தவர், எதற்கும் பதற்றப்படமாட்டார். வழி முழுக்கக் கன்னடத்திலேயே பேசிக்கொண்டு வந்தார், என்னை வாய் திறக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு. அன்றைக்கு அந்த ஸ்கூட்டரின் பின்னால் ஊமையாக உட்கார்ந்திருந்தபோதுதான் இந்த மொழியைக் கற்றே தீருவது என்று முடிவு செய்தேன்.

கெடு தாண்டினால் அபராதம்தானே என்று இங்கே பல பேர் அலட்சியமாகப் பேசுவார்கள். கேட்காதீர்கள். 1946ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடிவரவு, வெளிநாட்டவர் சட்டம் நடப்பில் இருக்கிறது. விசா முடிந்தும் தங்கினால் மூன்று வருஷம் வரை சிறை, மூன்று லட்சம் வரை அபராதம் என்று அதில் இருக்கிறது. இன்னொன்று இதைவிடப் பெரியது, யாரும் சொல்வதில்லை. உங்கள் கணவர் இந்தியக் குடிமகன் என்பதால் இங்கே பிறக்கும் பிள்ளை பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் ஆகும். ஆனால் பிள்ளை பிறக்கும்போது பெற்றோரில் மற்றவர் சட்டவிரோதமாகத் தங்கியவராக இருக்கக் கூடாது என்று குடியுரிமைச் சட்டம் சொல்கிறது. விசா காலாவதியான நிலையில் பிரசவ அறைக்குள் போகிற பெண்ணின் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நம் ஊர் ரப்பர் எஸ்டேட்டுகளில் பிறப்புப் பத்திரமில்லாத பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலில் நின்றதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நமக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சரி, இப்போது அட்டைக்கு வருகிறேன். கணவர் வழி, பாட்டி வழி என்று இரண்டு வழி இருக்கிறது. எல்லாரும் உங்களுக்குச் சொன்னது கணவர் வழி. கல்யாணத்தைப் பதிந்து, விண்ணப்பத்துக்கு முன் தொடர்ந்து இரண்டு வருஷம் அந்தக் கல்யாணம் நிலைத்திருக்க வேண்டும். பாதுகாப்பு விசாரணை உண்டு, வீட்டுக்குப் போலீஸ் வரும், இருவரையும் கேள்வி கேட்பார்கள். அதெல்லாம் பரவாயில்லை. இந்த வழியில் எடுத்த அட்டை அந்தக் கல்யாணத்தோடு கட்டப்பட்டது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. நீதிமன்றம் விவாகரத்து கொடுத்தால் அட்டையை ரத்து செய்யலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. உங்கள் கணவர் தங்கமானவராக இருக்கட்டும், நூறு வருஷம் நன்றாக வாழுங்கள். ஆனால் ஒரு பெண் ஒரு ஊரில் இருக்கும் உரிமை இன்னொருவரின் மனநிலையைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். எனக்குத் தெரிந்த ஒரு பெண், இங்கே பிள்ளைகளை வளர்த்தவள், விவாகரத்து வழக்கு நடந்த காலம் முழுக்க அட்டை போய்விடுமோ என்று பயந்தே தன் பக்க நியாயத்தை முழுசாகக் கேட்காமல் விட்டாள்.

பாட்டி வழி என்பது வம்சாவளி. 1950 ஜனவரி 26 அன்றோ அதற்குப் பிறகோ இந்தியக் குடிமகனாக இருந்த ஒருவரின் பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளை என்றால் தானாகவே தகுதி உண்டு. இரண்டு வருஷக் காத்திருப்பு இல்லை. கல்யாணத்தோடு முடிச்சும் இல்லை. நம்மில் எத்தனையோ பேருக்கு இந்தத் தகுதி இருந்தும், அதைக் காட்டப் பத்திரம் இல்லாமல் கணவர் வழியில் போகிறார்கள். தேடிப் பார்க்காமலே போகிறவர்கள் இன்னும் அதிகம்.

என் அப்பாவைப் பெற்ற பாட்டி ராசிபுரம் பக்கத்து ஊர்க்காரர். கல்யாணமாகி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு எஸ்டேட்டுக்கு வந்தவர், ரப்பர் பால் வெட்டி ஏழு பிள்ளைகளை ஆளாக்கியவர், சிவப்பு ஐசியோடேயே கண் மூடினார். குடிமக்களுக்கான நீல ஐசிக்கு மனுப் போட்டுப் போட்டு ஓய்ந்துவிட்டார். தேர்தல் நாளில் எல்லாரும் ஓட்டுப் போடக் கிளம்ப, அவர் வாசலில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். அந்தப் பாட்டி 1960களில் ஒருமுறை ஊருக்குப் போய்வர எடுத்த இந்தியப் பாஸ்போர்ட்டை அப்பா ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். ஓரம் கரையான் அரித்திருந்தாலும் பெயரும் பிறந்த ஊரும் படிக்கும்படி இருந்தது. எந்த நாட்டிலும் அந்நியராகவே எண்ணப்பட்ட ஒரு பெண்ணின் பாஸ்போர்ட்தான் எனக்கு இந்த ஊரில் அட்டை வாங்கித் தந்தது. இதை எழுதும்போதுகூட எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஆகவே இன்றைக்கே கிள்ளானுக்குப் போன் போடுங்கள். அப்பாவையும் சித்தப்பா பெரியப்பாவையும் டின், பீரோ, பெட்டி எல்லாவற்றையும் கிளறச் சொல்லுங்கள். பழைய இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் சிறப்பு. இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் மிச்சமிருக்கும் சொந்தக்காரர்கள் வழியாகப் பிறப்பிடச் சான்றுக்கு முயலலாம். பாட்டியின் பத்திரம், அவர் பெயர் தாயாக எழுதப்பட்ட அப்பாவின் பிறப்புப் பத்திரம், அப்பா பெயர் உள்ள உங்கள் பிறப்புப் பத்திரம் என்று கண்ணி விடாமல் வர வேண்டும். மலாயில் இருப்பதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, விஸ்மா புத்ரா எனும் மலேசிய வெளியுறவு அமைச்சிலும், அப்புறம் கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்திலும் சான்றொப்பம் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். இதை அங்கே இருப்பவர்கள் செய்வது சுலபம். இங்கிருந்து கூரியரில் அனுப்பி அனுப்பிச் செய்வது பெரும்பாடு. பாட்டியின் பெயரை எஸ்டேட் கிராணி (கணக்கர்) ஒரு விதமாகவும் பதிவுக்காரர் ஒரு விதமாகவும் எழுதியிருப்பார்கள். அதற்கு ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் போடலாம், பயப்பட வேண்டாம்.

பெயர் என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் பாஸ்போர்ட்டில் உங்கள் பெயர், ஏ/பி (இன்னாரின் மகள்), அப்பா பெயர் என்று இருக்கும். இங்கே எந்த கவுன்டரிலும் குடும்பப் பெயர் என்ன என்பார்கள், கணவர் பெயரைச் சேர்த்துவிடட்டுமா என்பார்கள். நல்லெண்ணத்தில் கேட்பதுதான். விடாதீர்கள். ஆதார், வங்கி, பான், கல்யாணப் பதிவு, எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்து மாறாமல் எழுதச் சொல்லுங்கள். ஒரு வங்கிக் கிளையில் என் கணக்கைக் கேட்காமலே கணவர் பெயரோடு திறந்துவிட்டு, திருத்த முடியாது என்று அலைக்கழித்தார்கள். நான் மேலாளர் முன்னால் உட்கார்ந்து கன்னடத்திலேயே வாதாடித் திருத்தி வாங்கினேன்.

தரகர் வேண்டாம். விண்ணப்பம் அரசாங்க இணையதளத்தில் இருக்கிறது, இந்தியாவில் விண்ணப்பித்தால் கட்டணம் 15,000 ரூபாய். அதற்கு மேல் ஒருவர் கேட்பதெல்லாம் உங்கள் பயத்துக்கு வைக்கும் விலை. நம்ம ஆட்களே சிலர் இதைத் தொழிலாக வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறாத வருத்தம். புதிதாக வந்த பெண் தமிழில் பேசும் அக்காவை நம்பாமல் யாரை நம்புவாள்? இன்னொரு கூட்டம், சுற்றுலா விசாவில் வந்து வந்து போய்க்கொண்டு, "நான் பத்து வருஷமாக இப்படித்தான் ஓட்டுகிறேன்" என்று பெருமை பேசும். சுற்றுலா விசாவில் இருந்துகொண்டு இங்கே ஓசிஐக்கு விண்ணப்பிக்கவே முடியாது. மனைவி விசாவில் இருந்துகொண்டு அனுமதி இல்லாமல் சம்பள வேலைக்குப் போகவும் கூடாது. ஈப்போவில் கணக்காளராக இருந்தவள் நான், அட்டை வரும்வரை கை கட்டி உட்கார்ந்திருந்தேன். அந்த நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று வேறு அறிவித்துவிட்டார்கள். சொந்தச் சம்பளம் இல்லாமல், மாமியாரிடம் சில்லறை கேட்டு நின்ற அந்த மாதம் எனக்கு மறக்காது.

அந்த நேரத்தை வீணாக்கவில்லை. அல்சூர் மார்க்கெட்டில் காய்க்காரம்மாவிடம் கன்னடம் பேசிப் பழகினேன், அப்புறம் எழுத்தும் படித்தேன். இன்றைக்கு எங்கள் தெருவில் யாருக்காவது மாநகராட்சி நோட்டீஸ் வந்தால் என்னிடம்தான் படிக்கக் கொண்டுவருகிறார்கள். உங்கள் கன்னடக் கேள்விக்குப் பதில் அதுதான். தெரியாமலும் காலம் தள்ளலாம், இங்கே தமிழ் எங்கும் பேசுவார்கள். நாற்பது வருஷமாக அப்படித் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அது பிடிக்காது. சோறு போடும் ஊரின் மொழியைப் படிக்காமல் இருப்பது மரியாதையில்லை.

மசாலாவுக்கு அம்மா வரும்போது சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான்.

வீடு எந்த ஏரியா என்பதை உங்கள் கணவரின் ஆபீஸ் எங்கே என்று பார்த்து முடிவு செய்யுங்கள், இந்த ஊர் டிராஃபிக்கில் வேறு கணக்கு எடுபடாது. அட்வான்ஸ் பத்து மாத வாடகை கேட்பார்கள், பேசிக் குறைக்கலாம். பேசி முடித்ததும் ஒப்பந்தத்தில் உங்கள் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், பாஸ்போர்ட்டில் உள்ளபடி. முகவரி மாறினால் எஃப்ஆர்ஆர்ஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், அதற்கு அந்த ஒப்பந்தம்தான் கேட்பார்கள். வெளிநாட்டுக்காரர் பெயரைப் போடமாட்டேன் என்று சில வீட்டு ஓனர்கள் அடம் பிடிப்பார்கள். அப்படிச் சொல்கிற வீடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம், அடுத்ததைப் பாருங்கள்.