வல்லுநராக இருந்தவர் ஆசிரியராகும்போது

கேள்வி: தீவிர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, இப்போது ஒரு செவிலியர் கல்லூரியில் டியூட்டராக இருக்கிறேன். ஆண்டுதோறும் தரப்படும் சுயமதிப்பீட்டுப் படிவத்தில் எடுத்த வகுப்புகளையும் கலந்துகொண்ட பயிலரங்குகளையும் எழுதி நிரப்பிவிடுகிறேன். ஆசிரியராக உண்மையிலேயே வளர்ந்திருக்கிறேனா என்பதை எப்படி அறிவது?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: செவிலியரின் திறன் தொடக்கநிலையிலிருந்து வல்லுநர்நிலை வரை 5 படிகளில் வளர்வதை அமெரிக்கச் செவிலியர் பாட்ரிசியா பென்னர் 1984இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அனுபவம் மிக்கவரும் தமக்குப் பழக்கமில்லாத பிரிவுக்கு மாறும்போது மீண்டும் தொடக்கநிலைக்கே வந்துவிடக்கூடும் என்பதையும் அவர் சுட்டினார். கற்பித்தலும் அத்தகைய புதிய பிரிவுதான். போதாக்குறைக்கு, வல்லுநர் நோயாளியைப் பார்த்த மாத்திரத்தில் நிலைமையை உணர்ந்துவிடுவார். எந்தெந்த அறிகுறிகளை இணைத்து அம்முடிவுக்கு வந்தார் என்று பிரித்துச் சொல்ல அவருக்கு எளிதில் வராது. மாணவிக்குத் தேவைப்படுவதோ அந்தப் பிரிப்புதான்.

மூச்சு எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். வயதுவந்தோருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு என்பது முதலாண்டு மாணவிக்கும் தெரியும். ஆயினும் எத்தனையோ சார்ட்டுகளில் எல்லா நோயாளிகளுக்கும் 20 என்றே எழுதப்பட்டிருப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள் (எண்ணாமல் எழுதுவதில் மூத்தவர்களும் சளைத்தவர்கள் அல்லர்). மாணவியைக் கடிந்துகொண்டு நீங்களே எண்ணித் திருத்தினால், அன்றைய பதிவு மட்டும் சரியாகும். மாறாக, அவளையே ஒரு நிமிடம் முழுதும் எண்ணவைத்து, 28 என்று வந்தால் அடுத்து எதைப் பார்ப்பாய், யாரிடம் சொல்வாய் என்று கேட்டுவிட்டு, அவள் யோசித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தால், எதற்காக எண்ணுகிறோம் என்பது அவளுக்குப் பிடிபடும். அந்தப் பொறுமை உங்களுக்கு முன்பைவிடக் கூடியிருக்கிறதா என்பதே நான் முதலில் பார்க்கும் அளவுகோல்.

இரண்டாவது, நீங்கள் இல்லாத ஷிப்டிலும் அவள் எண்ணுகிறாளா என்பது. மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990இல் முன்வைத்த பிரமிடில், அறிதல், எப்படிச் செய்வதென அறிதல், செய்துகாட்டுதல் ஆகிய மூன்றுக்கும் மேலே, அன்றாடப் பணியில் செய்தல் என்பது உச்சியில் இருக்கிறது. செய்முறைகளைச் செய்துகாட்டவைத்து மதிப்பிடும் ‘ஓஸ்கி’ (OSCE) போன்ற தேர்வுகள் மூன்றாம் படியோடு நின்றுவிடுவதால், அவற்றில் மாணவியர் பெறும் மதிப்பெண்களை உங்கள் வளர்ச்சிக்குச் சான்றாகக் கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. மாணவியர் தரும் கருத்துப் படிவங்கள் உதவும்தான். ஆனால் தேர்வுக் குறிப்புகளைச் சொல்லி எழுதவைப்பவருக்கே அவற்றில் தாராளமாக மதிப்பெண் விழுவதும் உண்டு.

எனவே அடுத்த முறை வகுப்புகளின் எண்ணிக்கையோடு, எந்தப் பாடத்தை ஏன் மாற்றிக் கற்பித்தீர்கள், அதன்பின் வார்டில் என்ன மாற்றம் கண்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். அதற்கான விவரத்தை, உங்கள் மாணவியரை நாள்தோறும் பார்க்கும் வார்டு சிஸ்டரிடம் கேட்டுப் பெறலாம். கேட்பதற்குச் சற்றுக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள்.