எந்தக் கையை முதலில் விடுவது?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. டர்பனில் கடலருகே வளரும் பிள்ளைக்கு நீச்சல் தெரிய வேண்டும் என்று சனிக்கிழமைதோறும் குளத்துக்கு அழைத்துச் செல்கிறேன். "முகத்தை உள்ளே வை, காலை அடி" என்று நான் சொல்லச் சொல்ல, அவன் படிக்கட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறான். அவன் விருப்பத்துக்கு விட்டுவிடு என்கிறார் என் மாமியார். விடலாமா?
– ஒரு தாய், சாட்ஸ்வர்த்

பதில்: உங்கள் மாமியார் சொல்வதில் பெரும்பகுதி சரிதான், சகோதரி, ஆனால் எதை அவன் விருப்பத்துக்கு விடுவது என்பதை நீங்கள்தான் வரையறுக்க வேண்டும். எவ்வளவு ஆழத்தில் நிற்பது, கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் இருப்பது ஆகிய இரண்டிலும் அவனுக்குத் தேர்வே கிடையாது. "இன்று இறங்கலாமா?" என்றும் கேட்காதீர்கள்; "வேண்டாம்" என்ற பதிலை ஏற்க நீங்கள் தயாராக இல்லாதபோது அது கேள்வியே ஆகாது.

மற்றவற்றைத் தாராளமாக அவனிடம் விடுங்கள். நீல மிதவைப் பலகையா மஞ்சள் மிதவைப் பலகையா, முதலில் காலடிப்பதா குமிழி விடுவதா என்று இரண்டிரண்டாகக் கேட்டால் போதும். பத்துத் தேர்வுகளை நீட்டினால் பிள்ளை திகைத்துப்போகும். என் மகள் தலை நனைய அஞ்சிய நாட்களில், "நீயே ஊற்றிக்கொள்கிறாயா, நான் ஊற்றட்டுமா?" என்று சொம்பை நீட்டினேன். அவள் அதை வாங்கி, கண்களை இறுக மூடிக்கொண்டு, தானே ஊற்றிக்கொண்டாள்.

இதைவிட முக்கியமானது, திருத்தம் சொல்வதை நிறுத்தி நிதானிப்பது. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், 10 வயதுப் பிள்ளைகள் பழக்கமில்லாத கையால் உள்ளே மணிகள் நிரப்பிய சிறு துணிப்பைகளை இலக்கை நோக்கி எறியப் பழகினார்கள். எறிந்தது எங்கே விழுந்தது என்பதைத் தாங்கள் கேட்டபோது மட்டும் அறிந்துகொண்ட பிள்ளைகள், அந்த உரிமை இல்லாத பிள்ளைகளைவிட நன்றாகக் கற்றிருந்தார்கள். பின்னாளில் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், தேர்வு தருவதன் பயன் முதலில் எண்ணிய அளவுக்குப் பெரிதல்ல என்று காட்டியிருக்கிறார்கள். ஆகவே ஒரே வாரத்தில் நீந்திவிடுவான் என்று நான் வாக்களிக்க மாட்டேன். ஆனால், கரையிலிருந்து ஓயாமல் வரும் கட்டளை அஞ்சியிருக்கும் பிள்ளையை மேலும் இறுக்கும் என்பதை என் அனுபவத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். "நான் சரியாகச் செய்தேனா அம்மா?" என்று அவன் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருங்கள், அப்போது ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள்.

வரும் சனிக்கிழமை நீங்களும் தண்ணீரில் இறங்கி அவன் எதிரே நில்லுங்கள். கம்பியிலிருந்து அவன் விரல்களைப் பிரித்தெடுக்காமல், எந்தக் கையை முதலில் விடப் போகிறாய் என்று அவனிடமே கேளுங்கள்.