பனி தள்ளித் தரும் டிரம்ப் வாக்காளர்

அன்புள்ள ஐயா,

அயோவா மாநிலத்தின் ஹோவர்ட் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஊரில் நாலாயிரம் பேர் இருந்தால் அதிகம். பக்கத்து வீட்டுப் பெரியவர் மக்காச்சோளமும் சோயாவும் போட்டு ஓய்ந்த விவசாயி. பனி கொட்டினால் விடிவதற்குள் என் வீட்டு வாசலையும் சேர்த்து மெஷினால் தள்ளிவிட்டுப் போய்விடுவார், காசு வாங்கமாட்டார். 2024இல் அவர் வீட்டுப் புல்வெளியில் டிரம்ப் பதாகை. ஒபாமாவுக்கு இரண்டு முறை போட்டவராம், அவரே சொன்னார். அதிலிருந்து அவருக்கு நன்றி சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இது அறியாமையா, இனவெறியா, வயிற்றுப்பாடா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் போய் உட்கார்ந்திருப்பது சாதாரண இடமில்லை. 2012இல் ஒபாமாவுக்கு 20 சதவீதப் புள்ளிக்கு மேல் முன்னிலை, 2016இல் டிரம்ப்புக்கு 20 சதவீதப் புள்ளிக்கு மேல் முன்னிலை. அமெரிக்காவின் மூவாயிரத்துச் சொச்சம் கவுண்டிகளில் இப்படிக் கொடுத்தது ஹோவர்ட் ஒன்றுதான். அயோவாவில் மட்டும் 31 கவுண்டிகள் ஒபாமாவை இரண்டு முறை ஜெயிக்கவைத்துவிட்டு டிரம்ப் பக்கம் போயின. வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை.

ஆனால் தலையை எண்ணிப் பாருங்கள். உங்கள் கவுண்டியில் மொத்தம் விழுவதே நாலாயிரத்துச் சொச்சம் ஓட்டு. அந்த நாலு வருடத்தில் ஒபாமாவின் ஜனநாயகக் கட்சி இழந்தது ஏறக்குறைய ஆயிரம். நம்மூர்க் கல்யாணத்தில் மூன்று பந்தியில் சாப்பிட்டு எழுந்துவிடும் கூட்டம். இவர்களை வைத்துத்தான் ‘அமெரிக்க மனம்’ பற்றி அத்தனை கட்டுரைகள் எழுதினார்கள்.

அறியாமை என்பதை முதலிலேயே தள்ளிவிடுங்கள். சிகாகோ சந்தையில் சோயா என்ன விலை என்று கையில் வைத்துப் பார்த்தபடி விற்பதா வைத்திருப்பதா என்று முடிவெடுக்கிற ஆட்கள் அவர்கள். வயிற்றுப்பாடு? 2018 ஜூலையில், டிரம்ப் தொடங்கிய வரிச் சண்டைக்குப் பதிலடியாக, அமெரிக்க சோயாவுக்குச் சீனா 25 சதவீத வரி போட்டது. அடி நேராக அயோவா விவசாயி மேல் விழுந்தது. அரசு நிவாரணம் கொடுத்தது உண்மைதான். ஆனால் 2020இல் ஹோவர்டில் டிரம்ப்பின் முன்னிலை கூடியதை அந்த நிவாரணத்தை மட்டும் வைத்து விளக்க என்னால் முடியவில்லை. இனவெறி இல்லவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். குடியேறிகளைப் பற்றி டிரம்ப் பேசியது அங்கே எடுபட்டிருக்கிறது. ஆனால் 2008 ஜனவரி 3 அன்று, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெள்ளையர்கள் இருந்த இதே மாநிலம்தான் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில் ஒபாமாவுக்கு முதல் வெற்றியைக் கொடுத்தது.

எனக்குச் சுவாரசியமாகப் படுவது வேறொன்று. 1985 முதல் 2015 வரை முப்பது ஆண்டுகள் அயோவாவின் இரண்டு செனட்டர்கள் (நாடாளுமன்ற மேலவை உறுப்பினர்கள்) சக் கிராஸ்லியும் டாம் ஹார்கினும். முன்னவர் டிரம்ப்பின் குடியரசுக் கட்சி, பின்னவர் ஜனநாயகக் கட்சியின் இடதுசாரி ஓரம். இருவரையும் அனுப்பியது அதே ஜனங்கள். 1992இல் அதிபர் தேர்தலில் அயோவாவில் ஜனநாயகக் கட்சியின் பில் கிளின்டன் ஜெயித்த அதே நாளில் கிராஸ்லிக்கு ஏறத்தாழ 70 சதவீதம். அதாவது ஒரே சீட்டில் மேலே ஒரு கட்சிக்கும் கீழே இன்னொரு கட்சிக்கும் போட்டவர்கள் ஏராளம். கிராஸ்லி வருடம் தவறாமல் 99 கவுண்டிகளுக்கும் போய் நிற்கிறவர். ஆளைத் தெரியும், அதனால் ஓட்டு. கட்சி இரண்டாம் பட்சம்.

அந்தப் பழக்கம்தான் செத்துக்கொண்டிருக்கிறது. 2016இல் செனட் தேர்தல் நடந்த 34 மாநிலங்களிலும், அதிபருக்கு எந்தக் கட்சியோ செனட்டுக்கும் அதே கட்சி. செனட்டர்களை மக்களே தேர்ந்தெடுக்கத் தொடங்கி நூறாண்டில் இப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. உள்ளூர்ப் பத்திரிகை இளைத்துப்போய், வாஷிங்டன் சண்டை டிவி வழியாகக் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது ஒரு காரணம் என்பது என் ஊகம்.

2016 அக்டோபரில் பக்கத்து மினசோட்டா மாநிலத்து ராச்செஸ்டரில் மகள் வீட்டில் இருந்தபோது உங்கள் கிரெஸ்கோவுக்கு வந்திருக்கிறேன். நம் பசுமைப் புரட்சிக்குக் கோதுமை தந்த நார்மன் போர்லாக் வளர்ந்த பண்ணையைப் பார்க்கத்தான். மக்காச்சோளம் வைக்கோல் நிறத்துக்குக் காய்ந்து அறுவடை ஓடிக்கொண்டிருந்தது. வழியில் ஒரு வீட்டு முன்னால் டிரம்ப் பதாகை, அதற்கு ஒரு முழம் தள்ளி ஜனநாயகக் கட்சியின் உள்ளூர் வேட்பாளர் ஒருவருக்குப் பதாகை. புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொன்று வைத்தார்களோ என்று மருமகன் சிரித்தார். எனக்கென்னவோ இரண்டையும் ஒரே கைதான் நட்டிருக்கும் என்று பட்டது.

உங்கள் பெரியவருக்கு 1992இல் நாற்பது வயதாவது இருந்திருக்கும். அடுத்த பனிக்கு ஒரு டப்பா முறுக்கு எடுத்துக்கொண்டு போங்கள். டிரம்ப் பேச்சை எடுக்காதீர்கள். ஹார்கினுக்குப் போட்டீர்களா, கிராஸ்லிக்கா, இரண்டு பேருக்குமா என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.